நிழற்றோட்டத்தில் தாமே முளைக்கும் செடிகளை இனங்காணும் முறை

கோடை கழிந்து முதல் மழை பெய்த பத்துப் பதினைந்து நாட்களுக்குள், மரநிழலில் வெறுமையாகக் கிடந்த நிலம் பசுமையாக மாறுவதை யாவரும் கண்டிருப்பர். அங்கு முளைப்பவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் விதைத்ததில்லை, எவரும் நட்டதுமில்லை. “இது என்ன செடி? இதை உண்ணலாமா? வளர விடலாமா, பிடுங்கி எறிய வேண்டுமா?” என்ற வினாக்களோடு மக்கள் முதலில் நாடுவது ஊர்ப் பள்ளி ஆசிரியரையும், வேளாண்மை, சுகாதாரம் முதலிய துறைகளின் களப் பணியாளரையுமே ஆகும். இவ்வினாக்களுக்கு விரைந்து விடையளிப்பதைவிடப் பிழையின்றி விடையளிப்பதே முக்கியமாகும். அவ்வாறு விடை காணும் முறையை, டோம்பிவிலியில் உள்ள ஒரு குடியிருப்புத் தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

டோம்பிவிலி, மகாராஷ்டிர மாநிலத்தின் தாணே மாவட்டத்தில், மும்பையிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் மத்திய இரயில்வேப் பாதையில் அமைந்துள்ள நகரமாகும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டடங்களின் பின்புறத்திலும் சுற்றுச்சுவரை ஒட்டியும் மா, பலா, நெட்டிலிங்கம் முதலிய மரங்களின் கீழ்ச் சிறு தோட்டங்கள் அமைந்திருப்பதைக் காணலாம். இப்பகுதியில் ஆண்டுதோறும் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்து விடுகிறது. தமிழ்நாட்டின் சமவெளிகளிலோ மழை இதிற் பாதியளவுகூட இராது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்வதாகும். ஆகவே, ஊரில் செடிகொடிகளை நன்கறிந்த பெரியவர்களும் ஆனி மாதத்து டோம்பிவிலியில் முன்பின் கண்டிராத தழைகளைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. தமக்குத் தெரிந்த செடியின் சாயல் இருந்தால் அதுவே இது என்று கொள்வதும் மனித இயல்பே. பிழை நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

விதையாத செடி வரும் வழி

ஒரு செடி எவ்வழியாக வந்தது என்று கேட்பது, அதன் பெயரைக் காண்பதற்கு முதற்படியாகும். இத்தகைய செடிகள் நான்கு வழிகளில் வருகின்றன.

முதலாவது, மண்ணிலேயே உறங்கிக் கிடந்த விதைகளும் கிழங்குகளும் ஆகும். கோடை முழுதும் உயிரற்றது போல் கிடந்த கிழங்கு, ஈரம் பட்டதும் முளை விடுகிறது. இரண்டாவது, காற்று. பெரணிகளின் வித்துத்தூள் கண்ணுக்குப் புலனாகாத அளவு நுண்ணியது. அது காற்றில் மிதந்து வந்து ஈரச் சுவரின் இடுக்கில் தங்கி வளர்கிறது. மூன்றாவது, பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும். ஆலும் அரசும் சுவரில் முளைப்பது இவ்வாறே. நான்காவது வழி மனிதனே. தோட்டத்தை நிரப்புவதற்கு லாரியில் கொண்டு வந்து கொட்டிய மண்ணும், நாற்றுப் பண்ணையில் வாங்கிய தொட்டியும் தம்முடன் பிற விதைகளையும் கொண்டு வருகின்றன. தொட்டிகளின் ஓரத்தில் நீர்ச்சத்து மிகுந்த ஒளி ஊடுருவும் தண்டோடும், நெஞ்சு வடிவச் சிற்றிலைகளோடும் முளைக்கும் பெப்பரோமியா பெல்லுசிடா என்னும் பூண்டு அமெரிக்க வெப்ப மண்டலத்தைத் தாயகமாகக் கொண்டது. இது மிளகின் குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

எனவே செடியைக் கண்டவுடன், “மண் எங்கிருந்து வந்தது? அருகிலுள்ள மரம் யாது? பக்கத்துத் தொட்டியில் என்ன இருந்தது?” என வினவிக் குறித்துக்கொள்ள வேண்டும். மரக்கன்றாயின், தாய் மரம் அண்மையில் உள்ளதா என்று பார்த்தலே பாதி விடையைத் தந்துவிடும்.

நிழலால் விளையும் மாறுதல்

நிழலில் வளரும் செடிகளை இனங்காண்பதில் தனியான தொல்லை ஒன்று உண்டு. ஒரே இனச் செடி வெயிலில் ஒரு தோற்றமும் நிழலில் மற்றொரு தோற்றமும் கொள்கிறது. வெயிலில் இலை சிறுத்துத் தடித்திருக்கும், கணுக்கள் நெருங்கியிருக்கும். நிழலில் இலை அகன்று மெலிந்திருக்கும். கணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு கூடித் தண்டு நீண்டு வளைந்திருக்கும். கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் பற்றிக்கொள்வதற்காகச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆதலால் இலையின் அளவையும் செடியின் உயரத்தையும் மட்டும் நம்பிப் பெயர் கூறலாகாது. இலை தண்டில் அமைந்துள்ள முறை, நரம்பமைப்பு, பூவின் உறுப்புகளின் எண்ணிக்கை ஆகியவை நிழலால் எளிதில் மாறுவதில்லை. இவையே நம்பத்தக்க அடையாளங்கள்.

நிழலில் வளரும் சில செடிகள் காலந்தாழ்ந்து பூக்கும். சில பூவாமலே நின்றுவிடும். அந்நிலையில், பல நாற்றுகள் இருக்குமாயின் ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தொட்டியில் நட்டு, சற்றே ஒளி மிகுந்த இடத்தில் வைத்துப் பூக்கச் செய்து பார்க்கலாம்.

நிழலின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். டோம்பிவிலி, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 19 பாகையில் உள்ளது. ஆகையால் மே மாத நடுவிலிருந்து ஜூலை மாத இறுதி வரையில் நண்பகற் சூரியன் அவ்வூர் உச்சிக்குச் சிறிது வடக்கே நிற்கிறது. ஆண்டின் மற்றப் பருவங்களில் கட்டடத்தின் நிழலிலேயே இருக்கும் வடபுறத் தோட்டமும் இந்நாட்களில் மேகம் விலகும்போது நேர் வெயிலைப் பெறும். “நிழலான இடம்” என்று மட்டும் எழுதாமல், எம்மாதத்தில் எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது என்று எழுதுதல் நன்று.

ஊர்ப் பெயரும் நூற் பெயரும்

மக்கள் வழங்கும் பெயர்கள் அரிய செல்வமாகும். எனினும் அவை ஊருக்கு ஊர் மாறுபடும். கருணை என்ற பெயர் ஓர் ஊரில் பெரிய சேனைக் கிழங்கையும், மற்றோர் ஊரில் சிறிய பிடிகருணையையும் குறிக்கிறது. டோம்பிவிலியிலோ தமிழ்ப் பெயரோடு மராத்திப் பெயரும் சேர்ந்துவிடுகிறது. நாம் சேம்பு என்பதை அங்கு அளூ என்பர். சேனையைச் சூரண் என்பர். கானாம்வாழையைக் கேனா என்பர். காசித்தும்பையைத் தேரடா என்பர். புளியாரையை ஆம்புஷி என்பர். இவ்விரு மொழிப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்வது பெரிதும் பயன்படும். ஆனால் இறுதி முடிவு, 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்து தாவர நூலார் கையாண்டு வரும் இரு சொற்பெயரைக் கொண்டே அமைதல் வேண்டும். அப்பெயர் ஒன்றே எல்லா ஊர்களிலும் ஒரே செடியைச் சுட்டுவதாகும்.

ஒரே செடி, மூன்று தோற்றம்

இலையை மட்டும் கண்டு பெயர் கூறலாகாது என்பதற்கு இப்பகுதியிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. ஜூன் மாதத்தில் முதல் மழை பெய்தவுடன், மரநிழலிலுள்ள மண்ணைப் பிளந்துகொண்டு இலையின்றித் தனியே ஒரு காம்பு எழுகிறது. அதன் உச்சியில் செங்கருமை கலந்த பாளையும், அதனுள் நீண்ட கதிர்த்தண்டும் காணப்படுகின்றன. இதைக் காளான் என்று ஒருவர் கூறுவார். ஏதோ நச்சுப் பூடு என்று மற்றொருவர் அஞ்சுவார். சில நாட்களில் அது சாய்ந்து மறைகிறது. பின்னர் அதே இடத்தில், புள்ளிகள் கொண்ட ஒற்றைக் காம்பின் மேல் குடை விரித்தாற்போல் ஓர் இலை தோன்றுகிறது. முதலில் மூன்றாகப் பிரிந்து, மேலும் பல கூறுகளாகப் பிரியும் இவ்விலையைப் பார்ப்போர் இதை வேறொரு புதிய செடி எனக் கருதுவர். மழைக்காலம் முடிந்ததும் இலையும் மஞ்சளித்து மடிந்து, தரை வெறுமையாகி விடுகிறது. அப்போது வருபவர் அங்கு ஒன்றுமே இல்லை என்பார்.

மூவரும் கண்டது ஒரே செடியையே. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு முதலில் பூவையும், பின்னர் இலையையும் அனுப்பி, எஞ்சிய மாதங்களில் உறங்குகிறது. இது சேனையின் இனத்தைச் சேர்ந்த அமார்போபாலஸ் கம்யூட்டேட்டஸ் என்னும் காட்டுச் செடியாகும். மராத்தியில் ஷேவளா எனப்படும். குன்றடியிலிருந்து கொண்டு வந்த மண்ணோடு இதன் கிழங்கு தோட்டத்தை அடையலாம். பூ எழுந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நாளைக் குறித்து வைத்தவரே இவ்வுண்மையைக் கண்டறிய இயலும்.

சேனையும் இதே ஒழுங்கில் முதலிற் பூத்துப் பிறகு இலை விடுவதாகும். சில ஆண்டுகள் வளர்ந்து முதிர்ந்த கிழங்கே பூக்கும். அதுவரை ஆண்டுதோறும் இலையை மட்டுமே காணலாம். இவ்விரண்டின் இலைகளும் பெரிதும் ஒத்திருப்பதால் இலையைக் கொண்டு பிரித்தறிவது கடினம். பூவிலோ வேற்றுமை தெளிவு. ஷேவளாவின் பூக்காம்பு நீண்டு, பாளை ஒடுங்கியிருக்கும். சேனையின் பூக்காம்பு குறுகியிருப்பதால் அகன்ற பாளை தரையை ஒட்டி அமர்ந்தாற்போல் தோன்றும். அழுகிய இறைச்சியை ஒத்த நாற்றம் வீசும். அந்நாற்றத்தால் கவரப்படும் பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன.

ஷேவளாவின் இளம் பூந்தண்டை மழைக்காலத் தொடக்கத்தில் தாணே, பால்கர், ராய்காட் மாவட்டங்களின் சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்பர். பழங்குடி மக்கள் காட்டிலிருந்து பறித்து வருவது இது. சேனை, சேம்பு முதலியவற்றைப் போன்றே இதன் திசுக்களிலும் கால்சியம் ஆக்சலேட்டாலான ஊசிப் படிகங்கள் உள்ளன. அவை நாவிலும் தொண்டையிலும் தைத்து அரிப்பை உண்டாக்குவன. ஆகவே அம்மக்கள் கரிக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, காகட் என்னும் காருகா பின்னேட்டா மரத்தின் புளிப்புக் காயைச் சேர்த்துச் சமைக்கின்றனர். நம் வீடுகளிற் கருணைக்கும் சேம்புக்கும் புளி சேர்ப்பது போன்றதே இவ்வழக்கம். இது தலைமுறை தலைமுறையாகச் செடியை அடையாளமறிந்து கையாண்டவர்களின் அறிவாகும். அடையாளமும் பக்குவமும் அறியாதவர், தோட்டத்தில் முளைத்ததொன்றை இதுவென்று எண்ணிச் சமைக்க முற்படின் துன்பம் நேரும்.

ஆராயும் ஒழுங்கு

பெயரை நேரே தேடாமல், முதலிற் பெரும் பிரிவையும், அதன்பின் குடும்பத்தையும், இறுதியில் இனத்தையும் காண முயல வேண்டும்.

முதல் வினா: செடி பூப்பதா, பூவாததா? சுவரிலும் பாறையிலும் வளரும் பெரணிகள் எக்காலத்தும் பூவா. அவற்றின் இளந்தழை நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும். முதிர்ந்த தழையின் அடிப்புறத்திலோ ஓரத்திலோ பழுப்பு நிற வித்துத்தூட் கூடுகள் அமைந்திருக்கும். நான்கு சிற்றிலைகள் கொண்டு ஈரத்தில் வளரும் ஆரையும் பெரணி வகையே. மூன்று சிற்றிலைகளும் மஞ்சட் பூவும் உடைய புளியாரை பூக்கும் செடியாகும். பெயர் ஒத்திருப்பினும் இவை நெருங்கிய உறவுடையன அல்ல.

இரண்டாவது வினா: இலை நரம்புகள் இணையாக ஓடுகின்றனவா, வலைபோற் பின்னியுள்ளனவா? இணையாயின் பெரும்பாலும் ஒரு விதையிலைச் செடி எனவும், வலையாயின் இரு விதையிலைச் செடி எனவும் பாடநூல்கள் கூறும். நிழற்றோட்டத்தில் இவ்விதிக்கு விலக்குகள் பல உள என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். சேம்பும் சேனையும் வள்ளிக் கொடியும் வலைப்பின்னல் நரம்புடையன. ஆயினும் ஒரு விதையிலைச் செடிகளே.

மூன்றாவது வினா: இலைகள் தண்டில் எவ்வாறு அமைந்துள்ளன? இஞ்சியையும் மஞ்சளையும் ஒத்த செடி ஒன்று தோன்றினால், இலைகள் தண்டின் இரு பக்கங்களிலும் இரு வரிசையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவ்வாறிருந்து, கசக்கினால் மணமும் வீசுமாயின் இஞ்சிக் குடும்பம் எனக் கருதலாம். இலைகள் சுழற்படிக்கட்டுப் போல் தண்டைச் சுற்றி ஏறுமாயின் அது பேவ என மராத்தியர் வழங்கும் கோஷ்டம் ஆகும். சிவந்த செதில்களிடையே தோன்றும் வெண்ணிறப் பூ அதனை உறுதி செய்யும்.

நான்காவது வினா: காம்பு இலையுடன் எவ்விடத்திற் சேர்கிறது? சேம்பில் காம்பு இலையின் பிளவில் சேராமல், சற்று உள்ளே தள்ளி அடிப்புறத்திற் சேர்கிறது. இச்சிறு குறிப்பு, சேம்பை அதன் சாயலுடைய பிற செடிகளிலிருந்து பிரித்தறியத் துணை செய்யும். அலங்காரத்திற்காகத் தொட்டிகளில் வளர்க்கும் டிபென்பேக்கியாவும் இதே குடும்பத்தது. அதன் தண்டையோ இலையையோ கடித்தால் நா வீங்கிப் பேச்சும் தடைப்படலாம். சிறுவர் உலவும் தோட்டத்தில் இதைக் கருதுதல் வேண்டும்.

ஐந்தாவது வினா: பூவின் உறுப்புகள் எத்தனை? இதழ், மகரந்தத் தாள், சூலகத்தின் அறைகள் ஆகியவற்றை எண்ணி எழுத வேண்டும். கானாம்வாழையின் நீலப் பூவைக் காலையிலேயே பார்த்தல் வேண்டும். பகல் ஏறுமுன் அது வாடிவிடும். இச்செடி தரைக்கு மேலே பூப்பதோடு மண்ணுக்கு அடியிலும் விரியாத பூக்களைத் தோற்றுவித்து, அவற்றிலும் விதை கொள்கிறது. மேற்பகுதியை மட்டும் கிள்ளி எறிந்தவர், அடுத்த மழையில் அது மீண்டும் முளைப்பதைக் காண்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, எதனையும் நாவில் வைத்துச் சுவைக்கும் பழக்கத்தை அறவே விலக்க வேண்டும். காஞ்சொறி போன்ற சுணையுடைய செடிகளும் இருக்கக் கூடுமாதலால், அறியாத செடியை வெறுங்கையால் தொடாதிருத்தலும் நன்று.

நெஞ்சு வடிவ இலைக் கொடிகள்

மரத்தின்மேல் ஏறும் கொடிகளுள் நெஞ்சு வடிவ இலையுடையன பல. வெற்றிலை, சீந்தில், காட்டு வள்ளி ஆகியன ஒரு பார்வையில் ஒத்துத் தோன்றும். மிளகுக் குடும்பத்ததாகிய வெற்றிலை கணுக்களில் வேர்விட்டு ஏறும். காட்டு வள்ளியுள் ஒருவகை, இலைக் கக்கத்தில் உருளை போன்ற காய்க் கிழங்குகளைத் தாங்கும். சீந்திலின் கொடியிலிருந்து நூல் போன்ற வேர்கள் காற்றில் தொங்கும்.

சீந்தில் பற்றிய அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று களப் பணியாளர் அனைவரும் அறியத்தக்கது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று கருதிப் பலர் சீந்திற் கொடியைக் காய்ச்சிக் குடித்தனர். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையில் மும்பையில் அவ்வாறு உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரற் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் 2021இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். அவர்கள் உட்கொண்ட செடி சீந்தில்தானா என்பது முறைப்படி உறுதி செய்யப்படவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுப்புக் கூறியது. சீந்திலை ஒத்த டைனோஸ்போரா கிரிஸ்பா என்னும் வேறோர் இனம் தீங்கு விளைவிக்கக் கூடும் என்று எச்சரித்து, இரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களை 2022இல் அது வெளியிட்டது. அவ்வடையாளங்களின்படி சீந்திலின் தண்டு பசுமையானது. பால் போன்ற கசிவற்றது. பூவின் இதழ்கள் ஆறு. கனி உருண்டு சிவந்தது. மற்றதன் தண்டு சாம்பல் நிறமும் சிறு புடைப்புகளும் பாற்கசிவும் உடையது, இதழ்கள் மூன்று, கனி நீளுருண்டையானது. உண்மையான சீந்திலே சிலருக்குத் தீங்கு செய்யக் கூடும் என்ற கருத்தும் மருத்துவரிடையே உண்டு.

இவ்விவாதத்தில் எப்பக்கம் உண்மை என்பதை முடிவு செய்வது நம் பணியன்று. ஆனால் ஒன்று தெளிவு. உட்கொண்ட கொடியின் ஒரு துண்டேனும் பூவோடு உலர்த்தி வைக்கப்பட்டிருக்குமாயின், அது எந்த இனம் என்ற வினாவேனும் ஐயமின்றித் தீர்ந்திருக்கும். செடியை மாதிரி எடுத்துக் காப்பது புலவர்க்குரிய பொழுதுபோக்கு அன்று. நோயாளியின் உயிருக்கும் அது துணையாகலாம்.

இதைப் போன்றதே காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலராகிய இது டோம்பிவிலிப் பகுதியிலும் மழைக்காலத்தில் முளைக்கும். மராத்தியில் களலாவி எனப்படும். கலப்பை வடிவக் கிழங்கு உடைமையால் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்கும். செடி முழுதும், சிறப்பாகக் கிழங்கும் விதையும், கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சை உடையன. இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எனத் தவறாகக் கருதி உண்டு இறந்தோர் இலங்கையில் உண்டு. பூவில்லாக் காலத்திலும் காந்தளை அறிவதற்கு ஓர் உறுதியான அடையாளம் உள்ளது: இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ளதைப் பற்றும். இவ்வொரு குறியை மாணவர் யாவருக்கும் கற்பித்தல் வேண்டும்.

எவரேனும் அறியாத செடியை உண்டு துன்புற்றால், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்வதோடு, செடியின் எஞ்சிய பகுதியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

மாதிரியை உலர்த்தும் முறை

தண்டு, இலை, பூ, காய் ஆகியன அமைந்த கிளையைத் தேர்ந்தெடுத்து, பழைய செய்தித்தாள்களிடையே பரப்பி, இரு பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும். சிறு பூண்டாயின் வேரோடு எடுக்கலாம். ஆனால் ஒரே செடி இருப்பின் அதனை வேரோடு பறித்தல் முறையன்று. கொங்கண மழைக்காலத்தில் ஈரம் மிகுதியாதலால் தாள்களை நாள்தோறும் மாற்றாவிடின் பூசணம் பிடிக்கும். சேம்பு, சேனை போன்ற நீர்ச்சத்து மிகுந்தவற்றைக் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து உலர்த்தினால் விரைவிற் காயும். காய்ந்த பின் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் தைத்தோ ஒட்டியோ வைக்கலாம்.

மாதிரியுடன் நாள், இடம், மண், நிழலின் அளவு, செடியின் உயரம், பூவின் நிறம், மணம், பால் உண்டா என்பது, ஊர்ப் பெயர்கள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிச் சேர்க்க வேண்டும். நிறமும் மணமும் உலர்ந்த பின் மறைந்துவிடுமாதலால் அவற்றை அப்போதே எழுதுதல் இன்றியமையாதது. குறிப்பில்லாத மாதிரி பயனற்றது.

துணை நூல்களும் நிலையங்களும்

இப்பகுதித் தாவரங்களை முறைப்படி விளக்கிய பழைய நூல், தியோடர் குக் 1901 முதல் 1908 வரை வெளியிட்ட பம்பாய் மாகாணத் தாவரத் தொகுதியாகும். இந்தியத் தாவர ஆய்வுத்துறை மகாராஷ்டிரத் தாவரங்களைப் பற்றிய தொகுதிகளை 1996 முதல் 2001 வரை வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டிற்குக் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதி பயன்படும். 1890இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவர ஆய்வுத்துறைக்குப் பூனாவிலும் கோயம்புத்தூரிலும் வட்டார நிலையங்கள் 1955இல் அமைந்தன. மும்பை தூய சவேரியார் கல்லூரியில், எத்தல்பர்ட் பிளாட்டர் (1877–1934) பெயரால் வழங்கும் உலர்தாவரக் காப்பகம் உள்ளது. அக்கல்லூரியில் பணியாற்றிய சாந்தப்பாவ் அடிகளார் 1961 முதல் 1967 வரை ஆய்வுத்துறையின் இயக்குநராக விளங்கினார். வெள்ளை முசலி என்னும் மூலிகைக்கு, மும்பையை அடுத்த போரிவலியின் பெயரால் குளோரோபைட்டம் போரிவிலியானம் என்று 1950களிற் பெயரிட்டவர்களுள் அவரும் ஒருவர். பெருநகரின் அருகிலேயே அதுவரை நூலிற் பெயர் பெறாத செடி ஒன்று இருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

இக்காலத்தில் கைப்பேசியிற் படமெடுத்தவுடன் பெயரைக் கூறும் செயலிகளும் உள்ளன. அவை தரும் விடையைத் தொடக்கக் குறிப்பாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. படத்தில் இலை மட்டுமே இருக்குமாயின், இலையால் நேரும் பிழைகள் யாவும் செயலிக்கும் நேரும்.

வகுப்பிற் செய்யத்தக்கவை

1. பள்ளித் தோட்டத்தின் நிழற்பகுதியில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தை அளந்து, அதனைக் களையெடுக்காமல் விடுக. முளைப்பவற்றுக்கு எண்ணிட்ட குச்சிகள் நட்டு, கிழமைக்கு ஒருமுறை ஓராண்டு வரை குறிப்பெழுதச் செய்க.

2. ஒரே செடியின் வெயில் இலையையும் நிழல் இலையையும் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை ஒப்பிடச் செய்க.

3. பெப்பரோமியா அல்லது காசித்தும்பையின் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி, நீர் மேலேறும் வழியைக் காட்டுக.

4. மாணவர் தத்தம் வீட்டு மொழியில் ஒவ்வொரு செடிக்கும் வழங்கும் பெயரைக் கேட்டு வந்து பெயரேடு ஒன்று தொகுக்கச் செய்க. தமிழ், மராத்தி, பிற மொழிப் பெயர்கள் ஒரே செடியைக் குறிக்கின்றனவா என மாதிரியைக் கொண்டு சரிபார்க்க.

5. காந்தள் இலையின் நுனியையும், சேம்பிலைக் காம்பு சேரும் இடத்தையும் வரைந்து பாகங்களைக் குறிக்கச் செய்க.

முடிவாக, தாமே முளைக்கும் செடியைக் கண்டவர் மூன்று நெறிகளைக் கடைப்பிடிப்பாராக. இலை ஒன்றைக் கொண்டு பெயர் கூறலாகாது. பெயர் உறுதியாகாத எதனையும் உண்ணலாகாது. பிறர்க்குப் பரிந்துரைக்கவும் ஆகாது. தீங்கானது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி, ஒரு பருவமேனும் பார்த்துக் குறியாமல் பிடுங்கி எறியலாகாது. “இது என்ன செடி?” என்று கேட்டு வருபவரிடம், “பூக்கும் வரை பொறுத்திருங்கள், இடத்தைக் குறித்து வையுங்கள், அதுவரை சமையலுக்குக் கொள்ளாதீர்கள்” என்று கூறும் ஆசிரியர், பெயரை உடனே கூறாவிடினும், கேட்டவருக்கு வேண்டிய விடையை அளித்தவரே ஆவார்.